மாதிரிப் பார்சல்

நாற்பத்தொரு மணி நேரம் தேடினார்கள். தூத்துக்குடிக் கடலில் ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்தது செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு. மூன்று பேரில் இரண்டு பேர் அன்று மாலையே கிடைத்துவிட்டார்கள். மூன்றாமவரைத் தேடிக்கொண்டிருந்த ஆறு ட்ரோன்களும் வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்கு நடுக்கடலில் அப்படியே திரும்பிக் கரைக்கு வந்துவிட்டன. அவற்றை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய வேலையில் மனிதர் யாரும் இல்லாமல் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த நாற்பத்தொன்று சென்னையில், பெருங்குடியில், தாரணியின் மேசைக்கு வந்தது.

அது ஒரு வாடிக்கையாளர் கோரிக்கையாக வந்தது. வகை: தகவல் கேட்பு. அவசரம்: குறைவு. கையால் எழுதிய கடிதத்தை யாரோ படம் பிடித்து இணைத்திருந்தார்கள்.

'ஐயா, என் கணவர் கிளமென்ட் கடலில் காணாமல் போனார். நாற்பத்தொரு மணி நேரத்தில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தொன்று என்று முடிவு செய்தது யார்? அவரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இப்படிக்கு, ரெஜினா.'

கடிதத்துக்குக் கீழே அது கடந்து வந்த வழி முழுக்கப் பதிவாகியிருந்தது. மீன்வளத்துறை அலுவலகம், 'இது மென்பொருள் சம்பந்தப்பட்டது' என்று எழுதி ஒப்பந்ததாரருக்கு அனுப்பியிருந்தது. ஒப்பந்ததாரர், 'இந்த எண் முதல்படியிலிருந்து வந்தது' என்று எழுதி இங்கே அனுப்பியிருந்தார். இதற்கு மேல் அனுப்ப யாரும் இல்லை.

முதல்படிதான் தாரணி வேலை பார்க்கும் இடம். பெரிய நிறுவனங்களுக்கு ஜாவாவில் மென்பொருள் எழுதுகிறவர்கள் வெற்றுத் திரையிலிருந்து தொடங்குவதில்லை. முதல்படியின் இணையப் பக்கத்துக்கு வருவார்கள். தரவுத்தளம் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா, செய்திகளை வரிசையில் வைத்து அனுப்ப வேண்டுமா என்று கட்டங்களில் டிக் போடுவார்கள். பொத்தானை அழுத்தினால் ஒரு ஜிப் கோப்பு இறங்கும். உள்ளே ஓடத் தயாராக ஓர் எலும்புக்கூடு இருக்கும். சதையை அவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு மாதிரி நிரலும் வரும், எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்கு. வேலை தொடங்கியதும் முதல் காரியமாக அந்த மாதிரியை அழித்துவிட வேண்டும்.

யாரும் அழிப்பதில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

"என்ன, காலங்காத்தால பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?" பக்கத்து இருக்கை கஜேந்திரன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "அவசரம் குறைவுன்னுதானே போட்டிருக்கு. மத்தியானம் பார்த்துக்கலாம். என் சோகத்தைக் கேளு. அந்த மதுரைப் பொண்ணு பதில் போட்டு நாற்பத்தொரு மணி நேரம் தாண்டிடுச்சு. ஆளை முடிச்சுட்டேன்."

"அப்படிச் சொல்லாத கஜா."

"ஊரே சொல்லுது, நான் சொன்னா என்ன? எங்கம்மா கேஸ் சிலிண்டருக்குக்கூட 'நாப்பத்தொண்ணு ஆயிடுச்சுடா, இனிமே அவன் வரமாட்டான்'ங்கறாங்க."

அது உண்மைதான். ரயில் நிலையத்தில் தவறவிட்ட பையை நாற்பத்தொரு மணி நேரம் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்த படுக்கையை நாற்பத்தொரு மணி நேரம் காலியாக வைத்திருந்தார்கள். பதில் வராத புகார் நாற்பத்தொரு மணி நேரத்தில் முடித்துவைக்கப்பட்டது. சலூனிலும் டீக்கடையிலும் ஆட்கள் 'நாப்பத்தொண்ணு ஆச்சு, விடுப்பா' என்றார்கள். ஒரு மாநிலமே எத்தனை மணி நேரத்தில் நம்பிக்கையை விட வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தது.

"அது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

"யாரோ ஜப்பான்காரன் பண்ணின ஆராய்ச்சி. மனுஷ மூளைக்கு அதுக்கு மேல காத்திருக்கத் தெம்பு கிடையாதாம். எங்கேயோ படிச்சேன்."

தாரணி திரும்பி அந்தக் கடிதத்தைப் பார்த்தாள். கஜேந்திரன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பது வருடம் முன்னால், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், அவளுக்கு இருபத்திரண்டு வயது. மாதிரி நிரல் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். கூரியர் பார்சலை வைத்து எழுதினாள். பார்சல் கிளம்புகிறது. வழியில் ஒவ்வோர் ஊரிலிருந்தும் செய்தி வருகிறது. ஏதோ ஓர் இடத்தில் செய்தி நின்றுபோகிறது. எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு 'தொலைந்தது' என்று எழுதுவது? இருபத்து நான்கு என்றோ நாற்பத்தெட்டு என்றோ போட்டால் ஜனங்கள் சரி என்று அப்படியே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். அதனால் வேண்டுமென்றே பொருந்தாத ஓர் எண்ணைப் போட்டாள். பார்த்ததும் உறுத்த வேண்டும், உறுத்தி மாற்ற வேண்டும். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினாள்: 'இது சும்மா. உங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றவும்.'

உறுத்தவில்லை. இருபத்து நான்கு என்றால் யாரோ சோம்பேறித்தனமாகப் போட்டது என்று தோன்றும். நாற்பத்தொன்று என்றால் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

குறிப்பையும் அவள்தான் எடுத்தாள். நான்கு வருடம் கழித்து முதல்படியை விரிவாக்கினார்கள். அதுவரை இறங்கிய ஆயிரக்கணக்கான திட்டங்களைப் பார்த்து, எந்த எண்ணைப் பெரும்பாலோர் வைத்திருக்கிறார்களோ அதையே புதிதாக வருகிறவர்களுக்குப் பரிந்துரைக்கும்படி செய்தார்கள். அந்த வேலையை முழுக்கத் தாரணி எழுதினாள். குறிப்பு இருந்த இடத்தில் இப்போது சின்னப் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: '92% பேர் இதைத் தேர்ந்தெடுத்துள்ளனர்.' யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்க்க இயந்திரத்துக்கு வழி இல்லை. அந்த வருடம் அவளுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள்.

மத்தியானம் ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். சாலமன் என்ற ஒருவர் எடுத்தார். கடல் தேடல் மென்பொருளை எழுதிய இரண்டு பேரில் ஒருவர்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், எங்களுக்கு இருபது நாள்தான் கொடுத்தாங்க," என்றார் சாலமன். "உங்க மாதிரிய எடுத்துக்கிட்டோம். அருமையா எழுதியிருந்தது. 'பார்சல்'னு இருந்த இடத்துல எல்லாம் 'ஆள்'னு மாத்தினோம். 'வழியில்'னு இருந்ததை 'தேடலில்'னு மாத்தினோம். 'தொலைந்தது' அப்படியே பொருந்திச்சு, மாத்தல. ஓட்டிப் பார்த்தோம், ஓடிச்சு."

"நேரத்தை?"

"அதுல தொண்ணூத்திரண்டு சதவீதம்னு போட்டிருந்துச்சே மேடம். அதுல கை வைக்க நாம யாரு?"

தாரணி போனைக் காதிலிருந்து எடுத்து மறுபடி வைத்துக்கொண்டாள்.

"சாலமன், பார்சல் தொலைஞ்சதுன்னு எழுதினதுக்கு அப்புறம் அதுகிட்டேருந்து செய்தி வந்தா, மாதிரி நிரல் அதை ஏத்துக்காது. வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிக் கொடுத்த பிறகு பார்சல் கிடைச்சா குழப்பம் ஆகும்னு நான் அப்படி எழுதியிருந்தேன். அந்தச் செய்திகளைத் தனியா ஒரு பெட்டியில போட்டு வைக்கும். 'சேராதவை'ன்னு பேரு. அது உங்ககிட்டயும் இருக்கா?"

"இருக்கணும் மேடம். அதைத் தூக்கல நாங்க."

"யாராவது திறந்து பார்த்திருக்கீங்களா?"

"அது எதுக்கு மேடம்?" என்றார் சாலமன். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெட்டியின் நகலை அனுப்பினார்.

மீனவர்கள் எல்லாரும் இப்போது மிதவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போக வேண்டும். சட்டையின் நெஞ்சில் ஒரு பொத்தான். அழுத்தினால் இருக்கும் இடமும், போட்டிருப்பவரின் உடம்புச் சூடும் கரையிலுள்ள கோபுரத்துக்குப் போகும். கோபுரத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிளமென்டை நீரோட்டம் முதல் இரண்டு நாள் அந்த எல்லைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பிறகு அதே நீரோட்டம் அவரைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது.

பெட்டியில் ஐம்பது செய்திகள் இருந்தன. முதலாவது, ட்ரோன்கள் திரும்பி ஒன்றரை மணி நேரம் கழித்து வந்திருந்தது. தாரணி ஒவ்வொன்றாகக் கீழே போனாள். கடைசிச் செய்தியின் நேரத்தைப் பார்த்தாள். மடிக்கணினியை மூடினாள். எழுந்து கழிப்பறைக்குப் போய், கதவைத் தாழிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

முகுந்தன் அவளுடைய மேலாளர். ஐம்பது வயது, குரலை உயர்த்தாதவர். அவரிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"சட்டை தானா அனுப்பியிருக்கலாம் இல்லையாம்மா? ஏதாவது கோளாறு?"

"இல்ல சார். விரலால அழுத்தினாதான் போகும். உடம்புச் சூடும் பதிவாகியிருக்கு. ஐம்பதுலயும்."

அவர் பட்டியலின் கடைசி வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

"கூட இருந்த ரெண்டு பேரும், படகு கவிழ்ந்தப்பவே அவர் தலை மோதினதைப் பார்த்திருக்காங்க. அதனால உடனே போயிருப்பார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார்னு மீன்வளத்துறை அதிகாரி சொல்லியிருக்கார்னு சாலமன் சொன்னார்."

"அதை அவங்க நம்பறாங்க."

"ஆமா சார்."

"எங்கம்மா போனப்ப, தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு டாக்டர் சொன்னார்," என்றார் முகுந்தன். "அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு கேள்வி கேட்கணும்னு தோணிச்சு. கேட்கல. பதினோரு வருஷமா அந்த ஒரு வாக்கியத்து மேலதான் படுத்துத் தூங்கறேன். அதை யாராவது வந்து உருவினா எனக்கு வேற படுக்கை இல்ல." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நிறுவனத்துக்காகச் சொல்றேன்னு நினைக்காத. அதுவும் இருக்கு, இல்லைங்கல. எண்ணைச் சரிபண்ணு. இன்னைக்கே பண்ணு. ஒப்பந்ததாரர்கிட்டயும் நான் பேசறேன். ஆனா அந்தப் பெட்டியைப் பத்தி அவங்ககிட்ட எதுக்கு? தெரிஞ்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவாங்க?"

தாரணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலைக்குள் முதல்படியிலிருந்து நாற்பத்தொன்றை எடுத்தாள். மாதிரியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எழுதுகிறவரே யோசித்துப் போட்டால்தான் திட்டம் இறங்கும். பச்சை எழுத்து வரியையும் எடுத்துவிட்டாள். ஏற்கெனவே இறங்கிப்போனவற்றை எதுவும் செய்ய முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களுக்கு முதல்படி என்று ஒன்று இருந்ததே ஞாபகம் இருக்காது.

மறுநாள் மத்தியானத்துக்குள் முந்நூற்றுச் சொச்சம் புகார்கள் வந்திருந்தன. 'கட்டம் காலியாக இருக்கிறது. என்ன போட வேண்டும் என்று சொல்லவும்.' 'புதிய பதிப்பில் பிழை.' கஜேந்திரன் அவற்றை வாய்விட்டுப் படித்துச் சிரித்தான். பிறகு எதையோ பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"தாரணி, இங்க வா. நேத்து ராத்திரியிலேருந்து இறங்கின திட்டங்கள்ல ஜனங்க என்ன எண் போட்டிருக்காங்கன்னு பாரு."

அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அந்தக் கடிதத்துக்குப் பதில் போடணும்."

"அதுக்கு எதுக்குப் பை?"

பதில் எழுதும் கட்டத்தில் இரண்டு நாளாக அவள் எழுதி எழுதி அழித்திருந்தாள். 'உங்கள் கேள்விக்கு நன்றி' என்று தானாக வரும் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. நேரில் போனால் மட்டும் என்ன சொல்லப்போகிறாள் என்பது தூத்துக்குடி ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் முடிவாகவில்லை. எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது நிச்சயம். பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று மதுரை வரைக்கும் நினைத்தாள். பிறகு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இறங்கும்போது முகுந்தன் சாரின் முகம்தான் ஞாபகத்தில் இருந்தது.

ரெஜினா இறால் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர். சாப்பாட்டு இடைவேளைக்கு வரச் சொல்லியிருந்தார். ஆலையின் கேன்டீன் முழுக்க வெள்ளைக் கம்பூட்ஸும் தலையில் வலையுமாகப் பெண்கள். எல்லாருடைய விரல்களும் ஐஸ் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார். நாற்பது வயது இருக்கும். அகலமான, அயராத முகம்.

"நீதானா பிள்ள? மெட்ராஸ்ல இருந்து ஆளு வருதுன்னதும் கோட்டும் சூட்டும் போட்ட ஆம்பள ஒருத்தரு வருவாருன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நீ என்னன்னா பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த டீச்சர் கணக்கா நிக்க. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

"பொய் சொல்லுத. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." டிபன் பாக்ஸின் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து அவள் பக்கம் தள்ளினார். "தின்னு மொதல்ல. அந்த நாப்பத்தொண்ணு வச்ச ஆளு வரலியா? அவருட்டதானே நான் கேக்கணும்னு எழுதியிருந்தேன்."

தாரணி சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான்தான்க்கா அது."

ரெஜினாவின் கை டிபன் பாக்ஸில் அப்படியே நின்றது. பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"நீயா?" என்றார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. அளவு சரியா என்று பார்க்கிற மாதிரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி. அப்ப உங்கிட்டயே கேக்கேன். நாப்பத்தொரு மணி நேரத்துக்கு மேல கடல்ல ஒரு மனுசன் உசிரோட இருக்க மாட்டான்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் அதை மனுஷருக்கு எழுதல. கூரியர் பார்சலுக்கு எழுதினேன். சும்மா, ஒரு உதாரணத்துக்கு. எல்லாரும் மாத்திக்குவாங்கன்னு நினைச்சு ஒரு எண்ணைப் போட்டேன். அதுக்கு ஒரு கணக்கும் கிடையாது. யாரும் மாத்தல."

ரெஜினா கையை டிபன் பாக்ஸிலிருந்து எடுத்தார்.

"பார்சலா?" என்றார். "எங்க வீட்டு அவியளுக்கு ஆயுசுல ஒரு பார்சல் வந்ததில்ல பிள்ள." உதடு ஒரு பக்கம் கோணி, சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "ஒன்னைய மட்டும் சொல்லி என்ன செய்ய. எங்க ஆளுகளுக்கும் இதுல பங்கு இருக்கு. முன்னால எல்லாம் பெரிய முதலாளி படகு போச்சுன்னா பத்து நாளு தேடுவாவ. எங்கள மாதிரி ஆளு போனா ஒரு நாளோட சரி. எல்லாருக்கும் ஒரே அளவா தேடணும்னு பெரிய ரோட்டுல உக்காந்து மறியல் பண்ணது நாங்கதான். அவியளும் வந்தாவ. அதுல போலீஸ்காரன் அடிச்ச தழும்பு முழங்கால்ல கடைசி வரைக்கும் இருந்துச்சு. ஒரே அளவு கெடச்சதும் எங்க தெருவுல வெடி போட்டோம்."

"அக்கா, அந்த எண்ணை எடுத்துட்டேன். இனிமே..."

"எடு, எடு. இனிமே போறவனுக்காவது ஆகும்." தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இதுல ஒரே ஒரு ஆறுதல் பிள்ள. அவிய கஷ்டப்படல. தலையில அடிபட்ட ஒடனே போயிட்டாவன்னு ஆபீசரு சொன்னாரு. வியாழக்கெழம காலைல தேடி முடிச்சாச்சுன்னு போன் வந்துச்சா, மறுநாளு வெள்ளிக்கெழம ஏழு மணிப் பூசைல சாமியாரு அவிய பேரை வாசிச்சாவ. ஒடம்பு இல்லாத பூசை. கோயிலு நெறஞ்சு ஆளு. நான் முழங்கால் போட்டு, மாதாவே, அவியள வதைக்காம எடுத்துக்கிட்டியே, அதுக்கு ஒனக்கு நன்றின்னு சொன்னேன். அப்படிச் சொன்ன பொறவுதான் நெஞ்சு அடங்கிச்சு. பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, வந்த சனத்துக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்தேன். பத்து, பத்தரை மணி வரைக்கும் குடுத்துக்கிட்டே இருந்தேன். கை நிக்கல."

தாரணி மூடியில் இருந்த சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். ஒதுக்கியதை மறுபடி பரப்பினாள். முகுந்தன் சார் சொன்னதுதான் சரி என்று அந்த நிமிடம் முடிவாகிவிட்டது. எழுந்தாள்.

"நான் கிளம்பறேன்க்கா. ரொம்ப... மன்னிச்சிருங்கக்கா."

"போவலாம், இரு. உக்காரு." ரெஜினா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. "இங்க நான் தெனமும் நாலாயிரம் பெட்டி எண்ணி ஏத்துதேன். கப்பல் ஏறிடுச்சுன்னு எழுதின பொறவு ஒரு பெட்டி குளிர் ரூம்ல கெடந்து கெடைக்கும். அதுக்குன்னு எங்ககிட்ட தனியா ஒரு நோட்டு இருக்கு. ஒன் பார்சலுக்கு என்ன செஞ்ச? தொலஞ்சிட்டுன்னு எழுதின பொறவு அது எங்கயாவது கெடந்து குரல் குடுத்தா?"

தாரணி உட்கார்ந்தாள்.

"செய்தி வரும்க்கா. ஆனா ஏத்துக்காது. தனியா ஒரு பெட்டியில போட்டுடும்."

"அந்தப் பெட்டிய ஆரு பாப்பாவ?"

"யாரும் பார்க்கறது இல்ல."

"நீ பாத்தியா?"

இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. பெண்கள் எழுந்து பாத்திரங்களைக் கழுவப் போனார்கள். ஒருத்தி போகிற போக்கில், "ஏக்கா, வரலியா?" என்று கேட்டாள். ரெஜினா திரும்பவில்லை. தாரணியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணிக்கட்டையும் விடவில்லை.

"ஒங்கிட்டதான் கேக்கேன் பிள்ள. பாத்தியா, இல்லியா?"

"பார்த்தேன்க்கா."

"நீ எழுதின எண்ணுக்காக மட்டும் இம்புட்டுத் தூரம் வந்திருக்க மாட்ட. அப்பவே தெரியும் எனக்கு." குரல் அமைதியாகத்தான் இருந்தது. "எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு அங்க உக்காந்து ஆராவது முடிவு பண்ணி அனுப்பிச்சாவளா? ஏற்கெனவே ஒருக்க அப்படி முடிவு பண்ணித்தான் அவியள விட்டுட்டு வந்தீங்க. சொல்லு. அதுல அவிய இருந்தாவளா?"

கேன்டீன் காலியாகிவிட்டது. எங்கோ குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தாரணி தன் இன்னொரு கையை ரெஜினாவின் கைமேல் வைத்தாள்.

"இருந்தார்க்கா," என்றாள். "வெள்ளிக்கிழமை காலையில பத்து இருபது வரைக்கும் இருந்தார். அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கிட்டே இருந்தார்."